கால்சட்டை தேயும் இடம்

நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்ததுதான் அனெத் கடைசியாகச் செய்த சாதாரணமான காரியம். 1978ஆம் வருஷம், ஜூலை பதினான்கு, பிரெஞ்சு தேசிய தினம். காலை ஆறு மணி இருக்கும். தருமபுரத்து வீட்டின் பின்கட்டில், கிணற்றடிக்குப் போகும் கதவோரம் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து அவள் புருஷன் ரோழே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். கால்சட்டையைப் போட்டுக்கொண்டேதான் நின்றார். கழற்றித் தைத்தால் கணக்கு அரை அங்குலம் தப்பிவிடும் என்பது அவர் கட்சி. அவள் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, இடுப்புப் பட்டைக்குக் கீழே இரண்டாவது பித்தளைக் கொக்கியைத் தைத்து, முடிச்சுப் போட்டு, குனிந்து நூலைக் கடித்தாள்.

"கத்தரி எங்க போச்சு?"

"கத்தரி எடுக்கப் போனா அதுக்குள்ள நீங்க இன்னொரு தையல் போடச் சொல்வீங்க."

"போடத்தான் சொல்லணும். நூலுக்கு மெழுகு தேச்சியா?"

"தேச்சாச்சு."

"இரட்டை நூல்தானே?"

"இரட்டை நூல், இரட்டை முடிச்சு. யானையைக் கட்டினாலும் நிக்கும்."

"யானைன்னா நான் ஏன் பயப்படறேன்? அது அதுபாட்டுக்கு நடக்கும்," என்றார் ரோழே.

அன்று காலை எட்டு மணிக்கு அவர் குதிரை ஏற வேண்டும். காரைக்கால் முன்னாள் பிரெஞ்சுப் படைவீரர் சங்கத்தின் ஊர்வலத்துக்கு முன்னால், உருவிய வாளோடு, மாதா கோயிலிலிருந்து நினைவுத்தூண் வரைக்கும் போக வேண்டும். அரை மைல்கூட இருக்காது. அந்த அரை மைலுக்குள் கீழே விழுந்தால் பதினாறு வருஷத்து மரியாதை கூடவே விழுந்துவிடும். ஏனென்றால் ஊர் முழுக்க ரோழேயை அல்ஜீரியக் குதிரைப்படையில் இருந்தவர் என்று நம்பிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் படையில் இருந்தது உண்மைதான். ஆனால் தையல் கூடத்தில் இருந்தார். அது அவளுக்கு மட்டும் தெரியும்.

பொய் என்று அவர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அறுபத்திரண்டில் திரும்பி வந்த புதிதில் சங்கத் தலைவர் சவியே, "எந்தப் படை?" என்று கேட்டார். இவர் படையின் பெயரைச் சொன்னார். "அட, குதிரைப்படையா!" என்று சவியே நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காரச் சொல்லி நாற்காலி போடுகிறவரிடம், நான் அங்கே கிழிந்த கால்சட்டைக்கு ஒட்டுப் போட்டேன் என்று எப்படிச் சொல்வது? ரோழே உட்கார்ந்தார். அதற்கப்புறம் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அவருக்கு வழி கிடைக்கவில்லை.

சங்கத்தின் லட்சணமும் அப்படி. மொத்தம் முப்பத்தேழு பேர். அவர்கள் சொல்கிற வீரதீரங்களை ஒன்றாகச் சேர்த்தால் பிரான்சு எந்தப் போரிலும் தோற்றிருக்கவே முடியாது. சவியே சைகோனில் உருளைக்கிழங்குக் கிடங்கில் இருந்தவர். கிடங்கு என்பது நாளடைவில் வெடிமருந்துக் கிடங்காகிவிட்டது. தெனிஸ் ஆஸ்பத்திரியில் துணி துவைத்தவர். ஒவ்வொரு வருஷமும் ஒரு ஆப்பரேஷன் கூடுதலாகச் செய்துகொண்டிருந்தார். ஒருவர் கதையை மற்றவர் துருவிக் கேட்பதில்லை. தன் கதையை யாரும் துருவிவிடக் கூடாதே என்பதுதான் காரணம். அந்த ஒழுங்கில் சங்கம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் புதுச்சேரி கான்சலேட்டிலிருந்து ஒரு அதிகாரி முதல்முறையாகக் காரைக்கால் ஊர்வலத்துக்கு வருவதாகக் கடிதம் வந்தது. சவியே அதை மூன்று தரம் சத்தமாகப் படித்தார்.

"புதுச்சேரிக்காரங்ககிட்ட பாண்டு இருக்கு, கொடி இருக்கு, எல்லாம் இருக்கு. குதிரை இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றார்கள்.

"நம்மகிட்ட குதிரைப்படைக்காரரே இருக்கார்!"

முப்பத்தாறு பேரும் கைதட்டினார்கள். ரோழேயும் தட்டினார். யாருக்காகத் தட்டுகிறோம் என்று புரிந்தபோது கையைக் கீழே போட நேரமில்லை.

ஊரில் இருந்தது ஒரே குதிரை. சேக் பரீதுடைய வெள்ளைக் குதிரை, பெயர் சுல்தான். துலுக்க வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு, நகரா கொட்ட, பைத்து பாட, தெருத்தெருவாகப் போவதுதான் அதன் பிழைப்பு. பெயர்தான் சுல்தானே தவிர அதற்குப் பயமில்லாத பொருள் உலகத்தில் கிடையாது. குடை விரித்தால் மிரளும். பலூன், சைக்கிள் மணி, வெயிலில் காயும் சிவப்புச் சேலை, தன்னுடைய நிழல் குட்டையாகத் தெரிவது, எல்லாவற்றுக்கும் மிரளும். நகரா சத்தம் காதில் விழுந்தால் மட்டும் அடங்கும். அந்தச் சத்தத்துக்குப் புல்லும் வெல்லமும் கிடைக்கும் என்று அதற்குத் தெரியும்.

அன்றிரவு ரோழே சாப்பிடவில்லை.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க," என்றாள் அனெத்.

"ஒரு மாசம் முன்னாடியே உடம்பு சரியில்லாம போறவனை யார் நம்புவா?"

"அப்ப உள்ளதைச் சொல்லிடுங்க. தையல் கேவலமா? நீங்க வெட்டின கோட்டுக்கு இந்த ஊர்ல யாராவது கிட்ட வர முடியுமா?"

அவர் அவளுடைய தோளிலிருந்து ஒரு நூல் துணுக்கை எடுத்துப் போட்டார். அது அவர் பழக்கம். யார் சட்டையில் தூசு இருந்தாலும் தன்னை அறியாமல் கை போய்விடும். பாதிரியார் அங்கியில் எடுத்திருக்கிறார். துக்க வீட்டில், பெட்டியில் கிடந்தவருடைய கோட்டில்கூட எடுத்திருக்கிறார். துணியில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கையில் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவரால் முடியாது.

"அனெத்து, எனக்குச் சவாரி தெரியாதுன்னு யார் சொன்னது?" என்றார். "பதினோரு வருஷம் அவனுங்க கால்சட்டையைத் தச்சுருக்கேன். நல்ல சவாரிக்காரன் கால்சட்டை முழங்காலுக்கு உள்பக்கம் தேயும். மட்டமான சவாரிக்காரனுக்குப் பின்பக்கம் தேயும். ரொம்ப மட்டம்னா தேயறதுக்கு முன்னாடியே மண்ணாயிடும். எங்க தேயணுமோ அங்க பிடிச்சுக்க வேண்டியதுதானே?"

மறுநாளே ஒத்திகை தொடங்கியது. கூடத்துப் பெஞ்சின் மேல் அரை மூட்டை நெல்லைக் குறுக்கே போட்டு அதன் மேல் ரோழே ஏறி உட்கார்ந்தார். மிரளுகிற குதிரை அனெத். பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் உலுக்க வேண்டும்.

"சொல்லிட்டு உலுக்காதே. குதிரை சொல்லிட்டா மிரளுது?"

"நான் எங்க சொன்னேன்?"

"பல்லைக் கடிக்கிறியே, அதுலேருந்தே தெரியுதே!"

அவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே உலுக்கப் பழகினாள். புளி தீர்ந்துபோச்சு என்பாள், உலுக்குவாள். கோட்டுச்சேரியிலிருந்து தம்பி கடுதாசி போட்டிருக்கிறான் என்பாள், உலுக்குவாள். முதல் வாரம் அவர் ஆறு தரம் விழுந்தார். இரண்டாம் வாரம் இரண்டு தரம். மூன்றாவது வாரம் அவள்தான் மூச்சிரைத்து உட்கார்ந்தாள்; அவர் மூட்டை மேல் நிமிர்ந்து இருந்தார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அப்படி இருவரும் சேர்ந்து சிரித்த மாதம் வேறு இல்லை. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னங்க, தினமும் பெஞ்சு சத்தம்?" என்று கேட்டாள். "மூட்டைப்பூச்சி" என்று பதில் சொன்னாள் அனெத்.

கடைசி வாரத்தில் உண்மையான குதிரை. அரசலாற்று மணலில் இரண்டு சாயங்காலம் சேக் பரீது சுல்தானைக் கொண்டுவந்தார். ரோழே ஏறிய விதத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மனுஷர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"மிசே, ராணுவ முறை வேற, எங்க கல்யாண முறை வேற. எங்க முறையைக் கொஞ்சம் சொல்லட்டுங்களா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க, சொல்லுங்க. எல்லா முறையும் தெரிஞ்சுக்கிறது நல்லதுதான்."

"கடிவாளத்தை இறுக்காதீங்க. அவன் பயம் பாதி உங்க கையிலேருந்துதான் போவுது. காதைப் பார்க்காதீங்க, காதுக்கு அந்தாண்ட பாருங்க. குதிகாலைக் கீழ அமுக்குங்க. மூச்சை விடுங்க. நீங்க மூச்சைப் பிடிச்சா, என்னமோ வருதுன்னு அவன் நெனச்சுக்குவான்."

ரோழே மூச்சு விட்டார். சுல்தானும் விட்டது. மணலில் நாலு சுற்று வந்தார்கள். பக்கத்தில் நின்ற அனெத் அன்றைக்குத்தான் முதல் தடவையாக, விழமாட்டார் போலிருக்கிறதே என்று நினைத்தாள். ஆனாலும் அவர் தையல்காரர். தைக்காத எதையும் அவரால் நம்ப முடியாது. கல்யாணச் சேணத்தில் பூச்சரம் கட்டுவதற்காகப் பின்பக்கம் இரண்டு வளையம் இருப்பதை அவர் பார்த்து வைத்துக்கொண்டார். அவற்றில் மாட்டக் கால்சட்டையில் இரண்டு கொக்கி, மேலே நீளக் கோட்டு மறைத்துவிடும். அவர் கண்ணில் புரை விழுந்து ஊசி கோக்க முடியாததால் தைக்கும் வேலை அவளுக்கு வந்தது.

சவியேயும் தன் பங்குக்கு வேலை செய்துகொண்டிருந்தார். சுல்தானுக்கு ஆகாதவை என்று ஒரு பட்டியல் தயாரித்து, சங்க வாசலில் ஒட்டினார். ஊர்வலத்தில் குடை கூடாது. பலூன் கூடாது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வரலாம், மணி அடிக்கக் கூடாது. சிவப்புச் சேலைக்காரர்கள் வேறு சேலை கட்டிக்கொள்ளவும். குதிரையின் மனம் கோணாமல் இருக்க, பாண்டுக்குப் பதிலாக நகராக்காரர்களையே கூப்பிடுவது என்றும், அணி குதிரைக்குப் பின்னால் போக வேண்டும், எக்காரணத்தைக் கொண்டும் குதிரையை முந்தக் கூடாது என்றும் தீர்மானம் போட்டார்கள். ஊர்வலம் நாற்சந்திக்கு வந்ததும் வேட்டுக்காரர் கருப்பையன் அதிர்வேட்டு போட வேண்டும் என்பது வருஷா வருஷம் உள்ள ஏற்பாடு. அது சடங்குப் பட்டியலில் இருந்தது. குதிரைக்கு ஆகாதவற்றின் பட்டியலில் இல்லை. இரண்டு பட்டியலையும் எழுதியவர் சவியேதான். ஆனால் வேறு வேறு தாளில் எழுதினார்.

எட்டு மணிக்கு ரோழே மாதா கோயில் வாசலில் குதிரை ஏறினார். சேக் பரீது அங்கவடியைப் பிடித்துக்கொண்டார். ரோழே கோட்டுக்குப் பின்னால் கைவிட்டு என்னவோ சரி செய்துகொண்டபோது சேக் பரீது குதிரையின் மறுபக்கத்தில் ஏதோ வேலை இருப்பதுபோல் போய்விட்டார். நீலக் கோட்டு, வெள்ளைக் கையுறை, நெஞ்சில் மெடல், தோளில் சாய்த்த வாள். கோட்டு, கண் நன்றாக இருந்த நாளில் ரோழே தானே தைத்தது. ஊரே வாயைப் பிளந்தது.

"குதிரையிலேயே பொறந்தவர் மாதிரி இல்ல?" என்று தெனிஸ் சொன்னார். ஆப்பரேஷன் செய்கிறவர் சொன்னதால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

நகரா கொட்டியது. சுல்தான் மாப்பிள்ளை நடை நடந்தது. பெண்கள் பக்கமாக, குடையில்லாமல், ஆடி பிறக்கப் போகிற வெயிலில் அனெத் கூடவே நடந்தாள். ரோழே காதுக்கு அந்தாண்ட பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் சேணத்தோடு சேர்ந்திருந்தது. அவர் மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் அவளும் விட்டாள்.

நாற்சந்தி. இடது பக்கம் நினைவுத்தூண். அங்கே கான்சலேட் அதிகாரி மலர்வளையத்தோடு நின்றிருந்தார். வலது பக்கம் பள்ளிவாசல் தெரு. கருப்பையன் சொன்ன வேளைக்குச் சொன்னபடி திரியில் நெருப்பு வைத்தார்.

முதல் வேட்டுக்குச் சுல்தான் முன்னங்கால் இரண்டையும் தூக்கியது. இரண்டாவது வேட்டுக்குப் பின்னங்காலால் உதைத்தது. மூன்றாவதற்கு ஒரே இடத்தில் பம்பரம் மாதிரி சுற்றியது. கூட்டம் சிதறிக் கடைகளுக்குள் ஓடியது. அனெத் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது ரோழே அங்கேதான் இருந்தார், மேலே. வாள்கூடத் தோளிலிருந்து இறங்கவில்லை. தொப்பி மட்டும் சற்று சாய்ந்திருந்தது.

வேட்டுச் சத்தத்தில் பதறிய நகராக்காரர்கள், பதற்றத்தில் கைக்கு வந்ததைக் கொட்டினார்கள். கைக்கு வந்தது கல்யாணக் கொட்டு. அதைக் கேட்டதும் சுல்தானுக்கு உயிர் திரும்பி வந்தது. நோன்புக்கு முந்திய மாதம் அது, கல்யாண மாதம். போன பத்து நாளில் ஏழு தடவை அதே நாற்சந்தியில் அதே கொட்டுக்கு அது வலது பக்கம்தான் திரும்பியிருந்தது. இப்போதும் வலது பக்கம் திரும்பியது.

"மோன் தியே, கடவுளே!" என்றார் சவியே. ஆனால் தீர்மானம் தீர்மானம்தான். குதிரைக்குப் பின்னால் அணி. முப்பத்தாறு முன்னாள் வீரர்களும் மூவர்ணக் கொடிகளோடு, இடது வலது பிசகாமல், நினைவுத்தூணுக்கு முதுகைக் காட்டிப் பள்ளிவாசல் தெருவுக்குள் நடந்தார்கள்.

"சவியே, தூண் அந்தப் பக்கமில்ல இருக்கு?" என்று தெனிஸ் முணுமுணுத்தார்.

"தெரியும். குதிரையை முந்தாதே."

தெரு நடுவில் பந்தல் போட்ட வீடு ஒன்று. ரோஷன் பேகம் வீடு. பதினோரு மணிக்கு அவர் மகளுக்கு நிக்காஹ், சுல்தானைத்தான் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை எட்டரை மணிக்கே வந்துவிட்டார் என்று மாடியில் இருந்த சின்னப் பெண்கள் நினைத்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஐம்பத்தெட்டு வயது, நரைத்த மீசை, வாள் வேறு. இருந்தாலும் குதிரை வந்தால் பூப் போடச் சொல்லியிருக்கிறது. கூடை கூடையாக மல்லிகையும் ரோஜா இதழும் மேலிருந்து கொட்டின. சுல்தான் பந்தல் காலடியில் நின்றது. நிற்கச் சொன்னால் ஒரு மணி நேரம்கூட நிற்கும். கல்யாணத்தில் அப்படித்தான் நிற்க வேண்டும்.

அணி நின்றது. நகரா ஓய்ந்தது. ரோழே நிமிர்ந்து, காதுக்கு அந்தாண்ட பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன நிமிர்வு, என்ன நிமிர்வு" என்று தெருவே சொன்னது. அனெத்துக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. முடிந்தது, ஜெயித்துவிட்டார், சாயங்காலம் பெஞ்சு மேல் இருக்கிற மூட்டையை அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தாள்.

அப்போதுதான் பார்த்தாள். அவருடைய காலரில், கழுத்தோரமாக, ஒரு ரோஜா இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. கைப்பட்டியில் இரண்டு. நெஞ்சில், மெடலுக்குப் பக்கத்தில், மல்லிகை காம்போடு ஒன்று. அவர் ஒன்றையும் தட்டிவிடவில்லை.

அவள் பத்து எண்ணினாள். அவர் கை எழவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். குதிரையின் கழுத்துப் பக்கம் நின்ற சேக் பரீதின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று புரிந்தது. அவர் ஒரு கையால் கடிவாளத்தையும் மறு கையால் ரோழேயின் முழங்காலையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மதாம், சத்தம் போடாதீங்க. குதிரை மிரண்டுடும்."

அவள் சத்தம் போடவில்லை. அவளுக்கு அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. இன்னும் இரண்டு நிமிஷத்தில் சவியேயும் தெனிசும் வந்து அவரைத் தூக்குவார்கள். தூக்கினால் வரமாட்டார். ஏன் வரவில்லை என்று கோட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். பதினாறு வருஷம் அவர் காத்ததை, இனிமேல் காத்துக்கொள்ள முடியாத நேரத்தில், நடுத்தெருவில் அவிழ்த்துப் போட்டுவிடுவார்கள்.

வாசலுக்கு வந்த ரோஷன் பேகத்திடம் போனாள். முன்பின் பழக்கமில்லை. "அம்மா, ஒரு மறைப்பு வேணும்," என்றாள்.

ரோஷன் பேகம் குதிரை மேல் இருந்தவரை ஏறிட்டுப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்து ஏதோ ஓதியது. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். நாலு பெண்கள் வெள்ளைத் துப்பட்டிகளோடு வந்து, வண்டியிலிருந்து மணப்பெண்ணை இறக்குகையில் பிடிப்பதுபோல, குதிரையைச் சுற்றி நாலு பக்கமும் விரித்துப் பிடித்தார்கள்.

"ஆம்பளைங்க எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க! பொம்பளைங்க நிக்கிற எடத்துல என்ன பார்வை?" என்று அதட்டினார் ரோஷன் பேகம்.

சவியே திகைத்தார். காரணம் புரியவில்லை. ஆனால் கட்டளை என்று ஒன்று வந்துவிட்டால் அதை மறுப்பது எப்படி என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. "தெமி-தூர்!" என்று கத்தினார். முப்பத்தாறு ஜோடிக் குதிகால்களும் ஒரே நொடியில் திரும்பின. பிரெஞ்சுப் படை முழுவதும் எதிர்வீட்டுச் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்து விறைத்து நின்றது.

துப்பட்டிக்குள்ளே அனெத் கோட்டின் பின்பக்கத்தைத் தூக்கினாள். உடம்பின் பாரம் இழுத்துக் கொக்கிகள் வளையத்தில் இறுகியிருந்தன, கழற்ற வரவில்லை. தையலை வெட்டித்தான் ஆக வேண்டும். "கத்தரி," என்றாள். ரோஷன் பேகம் வெற்றிலைத் தட்டிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து நீட்டினார். அதைக்கொண்டு வெட்டினாள். மெழுகு தேய்த்த இரட்டை நூல், லேசில் அறுபடவில்லை. அவள் ஆயுளில் தைத்த தையல்களில் அதுதான் உருப்படியான தையல். அறுக்க அறுக்க, இன்னும் கொஞ்சம் மட்டமாகத் தைத்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டாள். முதல் வேட்டிலேயே விழுந்திருந்தால் கை முறிந்திருக்கும், ஊர் சிரித்திருக்கும், அவ்வளவுதானே. பெஞ்சில் என்றால், முடியவில்லை என்றதும் "போதும்" என்பார், அவள் நிறுத்திவிடுவாள். குதிரை மேல் யாரிடம் சொல்வார்?

"மதாம்," என்றார் ரோஷன் பேகம் தணிந்த குரலில், "இன்னைக்கு எம்பொண்ணுக்கு நிக்காஹ். மயக்கம்னுதான் சொல்லப் போறேன். கொஞ்ச நேரத்துக்கு நீங்களும் அப்படியே சொல்லுங்க."

"சரிங்க."

சேக் பரீது தன் தோளில் அவரை வாங்கினார். கடைசி நேரத்தில் அனெத் காலரில் இருந்த இதழைத் தட்டிவிட்டாள்.

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். முதல் வேட்டிலா, பூ விழுகையிலா என்று சொல்ல முடியாது என்றார். ரோஷன் பேகம் மகளின் நிக்காஹ் குறித்த நேரத்தில் நடந்தது. மாப்பிள்ளையைச் சுல்தான்தான் கொண்டுவந்தது.

நினைவுத்தூணில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்த கான்சலேட் அதிகாரி மலர்வளையத்தை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கே வந்தார். மறுநாள் கல்லறையில் சவியே பேசினார். குதிரையில் வாழ்ந்து குதிரையிலேயே மடிந்த வீரர் என்றார். வேட்டுக்கு அஞ்சாதவர் என்றார். அந்த வேட்டை ஏற்பாடு செய்தவர் யார் என்று சொல்லவில்லை. புதுச்சேரிக்கு எழுதிய அறிக்கையில், பிரான்சுக்காக உயிர்விட்ட இஸ்லாமிய வீரர்களுக்கு மரியாதை செய்யும் பொருட்டு இவ்வருடம் அணிவகுப்பு முன்கூட்டியே திட்டமிட்டபடி பள்ளிவாசல் தெரு வழியாக நடத்தப்பட்டது என்று எழுதினார். கான்சலேட் அதைப் பாராட்டிப் பதில் போட்டது. அதனால் அடுத்த வருஷமும் ஊர்வலம் நாற்சந்தியில் வலது பக்கம் திரும்பியது. குதிரையில்லாமல்தான் திரும்பியது. ரோஷன் பேகம் வீட்டு வாசலில் நின்று, எதற்கென்று தெரியாமலே எல்லோரும் எதிர்ச்சுவரைப் பார்த்து ஒரு திரும்பு திரும்பி, பிறகு தூணுக்குப் போனார்கள். எண்பத்தைந்தில் ஒரு பத்திரிகைக்காரர் வந்து, இந்த வழக்கம் எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போனார்.

கல்லறைக் கல்லைச் சங்கமே போட்டுக் கொடுத்தது. பெயருக்குக் கீழே, குதிரைப்படை வீரர் என்று பிரெஞ்சில் வெட்டியிருந்தது. அனெத் ஆட்சேபிக்கவில்லை.

ரோழே இறந்த மூன்றாம் நாள் சேக் பரீது வந்திருந்தார். வாசலிலேயே நின்றார். ஒரு தாளில் மடித்து இரண்டு பித்தளைக் கொக்கிகளை நீட்டினார்.

"சேணத்துலேயே மாட்டிக்கிட்டிருந்துது மதாம்."

அவள் வாங்கிக்கொண்டாள். அவர் போகாமல் நின்றார்.

"ஒண்ணு சொல்லணும். சுல்தான் காலைத் தூக்கினப்ப நான் ஒரு முழத்துல நின்னேன். கொக்கி தொளதொளன்னுதான் கெடந்துது. அது பிடிக்கல. மிசேதான் பிடிச்சார். எங்க வாப்பா காலத்துலேருந்து இந்தத் தொழில்ல இருக்கேன், அப்படி ஒரு பிடி நான் பார்த்ததில்ல. கொக்கி இறுகினது அப்பறம்தான்."

"அப்பறம்னா?"

"பந்தல்ல நின்னதுக்கு அப்பறம். அதுக்கு முன்னாடி அவர் பாட்டுக்குத்தான் இருந்தார்."

அவர் போன பிறகு அனெத் உள்ளே போய், மூலையில் கொடியில் போட்டிருந்த கால்சட்டையை எடுத்து ஜன்னலோரம் பிரித்துப் பார்த்தாள். முழங்காலுக்கு உள்பக்கம், இரண்டு காலிலும், சேணத்தோலின் கறுப்பு ஏறித் துணி பளபளத்திருந்தது. பின்பக்கம் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. வெகு நேரம் பார்த்தாள். பிறகு அவர் மடிப்பதுபோலவே மடித்து வைத்தாள்.

அடுத்த வாரம் இறப்பைப் பதிவு செய்ய மேரிக்குப் போனாள். முனிசிபாலிட்டி என்று பெயர் மாற்றி எவ்வளவோ வருஷமாகியும் அவளைப் போன்றவர்களுக்கு அது மேரிதான். குமாஸ்தா பெரிய பதிவேட்டைப் புரட்டி, பெயர், தகப்பனார் பெயர், வயது என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தார்.

"தொழில்... சங்கத்துலேருந்து எழுதிக் கொடுத்திருக்காங்க. குதிரைப்படைன்னு. அதையே போட்டுடவாம்மா?"

"அது சங்கத்துக்கு எழுதினது. இங்க தையல்காரர்னு போடுங்க."

குமாஸ்தா பேனாவை நிறுத்தினார். "யாரு, குதிரையில உக்காந்து செத்தாரே, அவருதானே?"

"அவர்தான்."

"தையல்காரர்னா?"

"ஆமா. தையல்காரர்."

அவருக்கு அதற்கு மேல் கேட்க நேரமில்லை. பின்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். நீல மையால் எழுதி, ஒற்றுத்தாளை வைத்து அழுத்தி, பதிவேட்டை மூடி, எழுந்து போய் வைத்தார். அலுவலகத்துக்கு அதற்கப்புறம் இரண்டு தரம் வெள்ளையடித்துவிட்டார்கள், குமாஸ்தாவும் மாறிவிட்டார். பதிவேடு ஜன்னலோர அலமாரியில், மேலிருந்து மூன்றாவது தட்டில் இருக்கிறது.